19-ஆ, 24-ஆ? அரபு பேசும் பதின்மரின் சமூக ஊடக அடிமைத்தனத்தை அளப்பது குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

2019 அக்டோபர் 17 அன்று லெபனான் அரசாங்கம் ஒரு புது வரியை அறிவித்தது. வாட்ஸ்அப் வழியாகப் பேசினால் நாளொன்றுக்கு 20 சென்ட், மாதத்துக்கு 6 டாலர் வரை. அன்று இரவே பெய்ரூட் சாலைகளில் டயர்கள் எரிந்தன. சில மணி நேரத்தில் அரசு வரியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது, ஆனால் கூட்டம் கலையவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் பிரதமர் சாத் ஹரீரி பதவி விலகுவதாக அறிவித்தார். வரி ஒரு சாக்குதான். ஊழல், வேலையின்மை, மின்வெட்டு என்று வருஷக்கணக்கில் சேர்ந்த கோபம் அது.

அந்த வாரத்தில் பெய்ரூட்டில் ஒரு பள்ளி மாணவனிடம் ஒரு தாளை நீட்டி, "சமூக ஊடகத்தைப் பயன்படுத்த முடியாதபடி தடுத்தால் நிம்மதி இழக்கிறாயா?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? "மிக அடிக்கடி" என்ற கட்டத்தில் டிக் போட்டிருப்பான். அதற்கு 5 மதிப்பெண். சமூக ஊடக அடிமைத்தனத்தை அளக்க இன்று உலகில் அதிகம் பயன்படும் அளவுகோல்களில் ஒன்றான பெர்கன் அளவுகோலில் இந்தக் கேள்வி இருக்கிறது. அரசியல் கோபமானாலும் பாட்டியோடு பேச முடியாத தவிப்பானாலும் அது அடிமைத்தனக் கணக்கில்தான் போய்ச் சேரும்.

அரபு நாடுகளின் பதின்மரில் இத்தனை சதவீதம் பேர் சமூக ஊடகத்துக்கு அடிமை என்று செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. அந்தச் சதவீதம் எப்படிப் பிறக்கிறது என்று அடிமட்டத்திலிருந்து பார்ப்பதற்காக இந்த ஆய்வு. லெபனானும் குவைத்தும் இதில் முக்கிய இடங்கள். அரபு மொழியில் இவ்வகை அளவுகோல்களைச் சோதிக்கும் வேலை அங்கே சீக்கிரமே தொடங்கியது. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு இந்த மதிப்பெண்களை வைத்து இரண்டு குழுக்களை ஒப்பிடலாம், ஒரே குழுவில் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கலாம். தலை எண்ணக் கூடாது.

கேள்விகள் வந்த வழி

முதல் வழி அமெரிக்காவில் தொடங்குகிறது. உளவியலாளர் கிம்பர்லி யங் 1998-ல் 20 கேள்விகள் கொண்ட இணைய அடிமைத்தனச் சோதனையை வெளியிட்டார். அது டயல்-அப் காலம். கேள்விகளும் அந்தக் காலத்து வயதுவந்தவர்களை மனதில் வைத்தவை. மற்ற வேலையைத் தொடும் முன் மின்னஞ்சலைப் பார்க்கிறீர்களா என்று ஒரு கேள்வி. துணையோடு இருக்கும் நெருக்கத்தைவிட இணையம் தரும் கிளர்ச்சி பிடிக்கிறதா என்று இன்னொன்று. முதல் கேள்வி இன்றைய 14 வயதுப் பையனுக்குப் புரியவே புரியாது, அவன் மின்னஞ்சலைத் திறப்பது கடவுச்சொல் மறந்தால்தான். இரண்டாவதை எந்த அரபு நாட்டுப் பள்ளியிலும் அப்படியே அச்சடித்துக் கொடுக்க முடியாது. தலைமையாசிரியர் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

லெபனானின் லூவைஸே நோத்ர் டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நஸீர் ஹாவி இந்தச் சோதனையின் அரபு வடிவத்தைப் பள்ளி மாணவர்களிடம் சோதித்து 2013-ல் வெளியிட்டார். பள்ளிப் பிள்ளைகளிடம் போனதுதான் அதில் முக்கியம். இரண்டு வருஷம் கழித்து, 2015-ல், குவைத் பல்கலைக்கழகத்தின் ஜமால் அல்-மனாயெஸ் யங்கின் கேள்விகளையே சமூக ஊடகத்துக்கு ஏற்ப மாற்றி, 14 கேள்விகள் கொண்ட அரபு சமூக ஊடக அடிமைத்தன அளவுகோலைக் கொண்டுவந்தார். 1300-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார். விடைகள் மூன்று கொத்துகளாகப் பிரிந்தன: சமூக வாழ்வில் வரும் விளைவுகள், மற்ற வேலைகளின் நேரத்தை விழுங்குவது, கட்டுக்கடங்காத உந்துதல். நல்ல வேலை. ஆனால் பங்கேற்றவர்கள் அனைவரும் பல்கலைக்கழக மாணவர்கள். பேராசிரியருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தன் வகுப்பறைதான் என்பதால் இப்படித்தான் நடக்கும், எங்கேயும். 20 வயதில் சரிபார்த்த அளவுகோலை 13 வயதுக்கு எடுத்துக்கொண்டு போகும்போது அந்த இடைவெளியை யாரும் கவனிப்பதில்லை.

இரண்டாவது வழி நார்வேயில் தொடங்குகிறது. பெர்கன் பல்கலைக்கழகத்தின் செசிலி ஸ்கூ ஆண்ட்ரியாசன் குழு 2012-ல் ஃபேஸ்புக் அடிமைத்தன அளவுகோலை வெளியிட்டது. 18 கேள்விகளில் தொடங்கி ஆறாகச் சுருக்கினார்கள். மார்க் கிரிஃபித்ஸ் 2005-ல் முன்வைத்த ஆறு கூறுகளுக்கு ஆளுக்கொரு கேள்வி. சதா அதே நினைப்பு, இன்னும் இன்னும் என்ற தேட்டம், கவலையை மறக்கப் பயன்படுத்துவது, குறைக்க முயன்று தோற்பது, கிடைக்காதபோது தவிப்பது, படிப்போ வேலையோ கெடுவது. பிறகு ஃபேஸ்புக் என்ற சொல்லை எடுத்துவிட்டு சமூக ஊடகம் என்று போட்டார்கள். முதலில் சொன்ன பெர்கன் அளவுகோல் இதுதான். 2016-ல் நார்வேயில் 23,500-க்கும் மேற்பட்டவர்களிடம் அது போனது. ஆறே கேள்வி, இரண்டு நிமிட வேலை. அதனால்தான் பாரசீகம், இத்தாலியன், சீனம், அரபு என்று சுற்றி வந்துவிட்டது.

மூன்றாவது நெதர்லாந்து. ரெஜினா வான் டென் ஐண்டன் குழு 2016-ல் ஆம்-இல்லை என்று விடை சொல்லும் ஒன்பது கேள்விகளை அமைத்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 கையேடு இணைய விளையாட்டுக் கோளாறுக்குச் சொன்ன ஒன்பது அடையாளங்கள்தான் இவற்றுக்கு அடிப்படை. ஐந்துக்கு ஆம் என்றால் கோளாறு என்றார்கள் உருவாக்கியவர்கள். அதே ஒன்பது கேள்விகளைப் பயன்படுத்தும் பெரிய பள்ளி மாணவர் ஆய்வொன்று ஆறு ஆம் வேண்டும் என்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய மண்டலம் நடத்தும் அந்த ஆய்வில்தான் 2018-ல் 7 சதவீதமாக இருந்த பிரச்சினைக்குரிய பயன்பாடு 2022-ல் 11 ஆனது. பெண்பிள்ளைகள் 13, பையன்கள் 9. 44 நாடுகளில் சுமார் 2,80,000 பிள்ளைகளிடம் கேட்டுக் கிடைத்த கணக்கு அது. ஐரோப்பா, மத்திய ஆசியா, கனடா என்று விரியும் அந்தப் பட்டியலில் அரபு லீகின் 22 நாடுகளில் எதுவும் இல்லை. ஆக, அரபுப் பதின்மருக்கு நாடு விட்டு நாடு ஒரே முறையில் எடுத்த அப்படியொரு பொதுக் கணக்கு கையில் இல்லை. இருப்பவை பெரும்பாலும் ஒரு நகரம், ஒரு கல்லூரி, ஒரு கூகுள் ஃபார்ம்.

மூன்று தாள்கள்

பெர்கன் அளவுகோலில் ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை. மிக அரிது என்றால் 1, மிக அடிக்கடி என்றால் 5. மொத்தம் 6-லிருந்து 30 வரை வரலாம். மூன்று மாணவிகள் விடை எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கற்பனைதான், கணக்கு மட்டும் நிஜம்.

முதல் மாணவி: நினைப்புக்கு 3, தேட்டத்துக்கு 3, கவலை மறக்க 3, குறைக்க முயன்று தோற்றதற்கு 3, தவிப்புக்கு 1, படிப்புக் கெட்டதற்கு 1. மொத்தம் 14.

இரண்டாம் மாணவி: முதல் மூன்றுக்கும் 5, அடுத்த மூன்றுக்கும் 2. மொத்தம் 21.

மூன்றாம் மாணவி: ஒன்றுக்கு 5, மற்றவை எல்லாம் 4. மொத்தம் 25.

இவர்களில் யார் அடிமை? ஆண்ட்ரியாசன் குழு முதலில் தந்த யோசனை, ஆறில் நான்கு கேள்விகளுக்காவது 3 அல்லது அதற்கு மேல் வந்தால் அடிமை என்று கொள்ளலாம் என்பது. அதன்படி 14 வாங்கிய முதல் பெண் அடிமை, 21 வாங்கிய இரண்டாமவள் அடிமை இல்லை. ஹங்கேரியில் 2017-ல் வெளியான ஆய்வு 19-ஐக் கட்-ஆஃப் ஆக்கியது. அப்படிப் பார்த்தால் முதல் பெண் தப்பிவிட்டாள், இரண்டாமவள் மாட்டிக்கொண்டாள். சீனப் பதின்மரிடம் எடுத்த கணக்கு 24 என்கிறது. இப்போது இரண்டாமவளும் தப்பிவிட்டாள். மூன்றாமவள் மட்டும் எந்த வழியில் போனாலும் உள்ளே. பிள்ளைகள் விடையை மாற்றவில்லை. நாம் கோட்டைத்தான் நகர்த்தினோம்.

இது வெறும் மேசைக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். 32 நாடுகளைச் சேர்ந்த 63 மாதிரிக் குழுக்களை ஒன்றாகச் சேர்த்து 2021-ல் வெளியான மறுபகுப்பாய்வில் அடிமைகளின் பங்கு, வகைப்படுத்தும் முறை மிகக் கறாராக இருந்த இடங்களில் 5 சதவீதம், நடுத்தரமாக இருந்த இடங்களில் 13, தளர்வாக இருந்த இடங்களில் 25. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: கூட்டு வாழ்வை முதன்மையாகக் கொண்ட சமூகங்களில் 31 சதவீதம், தனிமனிதப் போக்குள்ள சமூகங்களில் 14. அரபு நாடுகளைப் பற்றி எழுதுபவர்களுக்கு இந்த இரண்டாவது வரி ரொம்பப் பிடிக்கும், பார்த்தீர்களா என்பார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. குடும்பம், உறவு, ஊர் என்று ஐந்து வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் பிள்ளையும் தனியே இருக்கும் பிள்ளையும் "சமூக ஊடகத்தைப் பற்றி நிறைய நினைக்கிறேன்" என்று சொல்வது ஒரே விஷயத்தைப் பற்றித்தானா?

இரண்டாம் மாணவியின் தாளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவளுக்கு முழு மதிப்பெண் வந்ததெல்லாம் நினைப்பு, தேட்டம், கவலை மறத்தல் ஆகியவற்றில். கட்டுப்பாட்டை இழந்ததற்கோ படிப்பு கெட்டதற்கோ அடையாளம் இல்லை. இணைய விளையாட்டு ஆடுபவர்களைப் பற்றி சார்ல்டனும் டான்ஃபோர்த்தும் 2007-லேயே இதைச் சொல்லிவிட்டார்கள்: ஈடுபாடு வேறு, அடிமைத்தனம் வேறு. சதா நினைப்பதும் இன்னும் வேண்டும் என்பதும் ஈடுபாட்டிலும் வரும். மோதல், தவிப்பு, மீண்டும் மீண்டும் சறுக்குவது ஆகியவைதான் உள்மையம். 2023-ல் ஃபூர்னியே குழு இதே வாதத்தைச் சமூக ஊடகத்துக்குப் பொருத்திப் பார்த்து, ஆறு கூறுகளையும் சம எடையில் கூட்டுவது தவறு என்று காட்டியது. ஆனாலும் எல்லாரும் இன்னும் ஆறையும் கூட்டித்தான் வருகிறார்கள். கூட்டுவது சுலபம்.

குறைக்க முயன்று தோற்றது பற்றிய கேள்வியில் வேறொரு ஓட்டை. நாள் முழுக்க டிக்டாக்கில் கிடக்கிற பையன் குறைக்க வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. முயலவே இல்லையே, அப்புறம் எப்படித் தோற்பது? அவன் போடுவது 1. பத்து நாள் சவால் என்று நண்பர்களோடு சேர்ந்து முயன்று பாதியில் விட்ட பொறுப்பான பெண் போடுவது 4. இந்த ஒரு கேள்வியில் பிரச்சினை அதிகம் இருப்பவனுக்கு மதிப்பெண் குறைவு.

2021-ல் லியாம் சாட்செல் குழு செய்த குறும்பு இந்தத் துறைக்குத் தேவையான ஒன்று. சமூக ஊடக அடிமைத்தனக் கேள்விகளில் ஊடகத்தை எடுத்துவிட்டு, நேரில் சந்திக்கும் நண்பர்களைப் போட்டு 807 பேரிடம் கொடுத்தார்கள். நண்பர்களைப் பற்றி நினைக்கிறீர்களா, பார்க்க முடியாவிட்டால் தவிக்கிறீர்களா என்று. வழக்கமான கணக்குப்படி 69 சதவீதம் பேர் நண்பர்களுக்கு அடிமை!

அரபு மண்ணில் கேள்வி என்ன ஆகிறது

மொழிபெயர்ப்பு நடைமுறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒருவர் அரபுக்குக் கொண்டுபோவார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவார், இரண்டையும் ஒப்பிட்டு ஒரு குழு திருத்தும். கட்டுரைகளில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கி முடித்துவிடுகிறார்கள். ஆனால் அரபுக்கே உரிய ஒரு சிக்கல் இந்த வழியில் பிடிபடாது. முன்னிலையில் பேசினால் வினைச்சொல்லிலேயே பால் வந்துவிடும். நீ பயன்படுத்துகிறாய் என்று பையனிடம் சொல்ல தஸ்தக்திம், பெண்ணிடம் சொல்ல தஸ்தக்திமீன். ஆண்பால் வடிவத்தில் மட்டும் தாளை அச்சடித்தால் பெண்பிள்ளை தன்னிடம் கேட்காத கேள்விக்கு விடை எழுதுகிறாள். தன்மைக்கு மாற்றி, நான் பயன்படுத்துகிறேன் என்று அஸ்தக்திம் போட்டால் வினையில் பால் போய்விடும். ஆனால் நிம்மதியற்றவனாக, நிம்மதியற்றவளாக என்று பெயரடை வந்தால் மறுபடியும் பால் ஒட்டிக்கொள்ளும். எனவே "கவலையை உணர்கிறேன்" என்ற மாதிரி பெயர்ச்சொல்லில் எழுத வேண்டும். திரும்ப ஆங்கிலத்துக்குப் போகும்போது இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. எல்லாம் ஒரே ஆங்கில வாக்கியமாகிவிடும், குழுவும் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடும்.

இன்னொன்று நடை. தாள் ஃபுஸ்ஹாவில், அதாவது எழுத்து அரபில் இருக்கும். பிள்ளை வீட்டில் பேசுவது குவைத்தி, லெபனானி, மொராக்கோ வழக்கு. ஃபோனில் தட்டுவது பல சமயம் அரபு எழுத்துகூட அல்ல, ரோமன் எழுத்தில் நடுநடுவே 3, 7 என்று எண்களைச் செருகிய அரபீஸி. எந்த உலகத்தைப் பற்றிக் கேட்கிறோமோ அந்த உலகத்தின் மொழியில் கேட்பதில்லை. நமக்கு இது புதிதா என்ன? "தாங்கள் அமைதியின்மைக்கு உள்ளாகிறீர்களா" என்று ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் நீட்டினால் பரீட்சைத் தாள் என்று நினைத்து நல்ல விடை எழுதத்தான் பார்ப்பான். தாளை அச்சுக்கு அனுப்பும் முன் ஏழெட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து, இந்தக் கேள்வியில் உனக்கு என்ன புரிகிறது, ஏன் இந்தக் கட்டத்தில் டிக் போட்டாய் என்று அவர்கள் பேச்சிலேயே கேட்பதுதான் இதற்கு மருந்து. செலவே இல்லாத வேலை. அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

பெண்பிள்ளைகள் விஷயம் மொழியையும் தாண்டியது. யங்கின் சோதனையில் ஒரு கேள்வி: மற்றவர்களோடு வெளியே போவதைவிட இணையத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கிறீர்களா? கட்டுப்பாடான குடும்பத்தில் வளரும் 16 வயதுப் பெண்ணுக்கு வெளியே போவது அவள் தேர்வில் மட்டும் இல்லை. டச்சு அளவுகோலில், எவ்வளவு நேரம் செலவிட்டேன் என்று பெற்றோரிடம் பொய் சொல்கிறேன் என்று ஒரு கேள்வி. முகம் தெரியாமல், வேறு பெயரில் கணக்கு வைத்திருக்கும் பெண் பொய் சொல்வது நேரத்தைப் பற்றி அல்ல, கணக்கே இருப்பதைப் பற்றி. அவள் பயப்படுவது அண்ணனுக்கு. அவளும் ஆம் என்பாள், ஐரோப்பாவில் ஒரு பெண்ணும் ஆம் என்பாள். இரண்டு ஆமுக்கும் ஒரே ஒரு மதிப்பெண். இதைப் புள்ளியியலில் சோதிக்க வழி இருக்கிறது. ஒரே அளவு பிரச்சினை உள்ள பையனும் பெண்ணும் ஒரு கேள்விக்கு ஒரே மாதிரி விடை சொல்கிறார்களா என்று பார்ப்பது, ஆண்-பெண், நாடு-நாடு என்று பிரித்துப் பிரித்து. அந்தச் சோதனையில் தேறாத கேள்வியை வைத்துக்கொண்டு பெண்களிடம் அடிமைத்தனம் அதிகம் என்று எழுதக் கூடாது. கேள்விகளின் விடைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று 1-க்குள் சொல்லும் கிரான்பாக் ஆல்ஃபா 0.85 வந்துவிட்டது, அளவுகோல் நம்பகமானது என்று பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஒரே சொற்களில் அடுத்தடுத்து ஆறு கேள்வி கேட்டால் ஆல்ஃபா ஏறத்தான் செய்யும். விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்றுதான் அது சொல்லும். எதை அளக்கின்றன என்று சொல்லாது.

தடுத்தால் தவிக்கிறாயா என்ற கேள்விக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் அரபு உலகில் தடுப்பது வீட்டோடு நிற்பதில்லை. இராக்கில் 2015 முதல் பொதுத்தேர்வுக் காலத்தில் அரசே காலை நேரத்தில் நாடு முழுக்க இணையத்தை அணைத்துவிடுவது வழக்கம், கேள்வித்தாள் கசியக் கூடாதென்று. அல்ஜீரியா 2018-ல் அதையே செய்தது, சிரியாவும் செய்திருக்கிறது. ஜோர்டானில் 2022 டிசம்பரில் போராட்டங்களின்போது டிக்டாக்கை நிறுத்திவைத்தார்கள். வீட்டளவில் பார்த்தால் தவ்ஜீஹி எனப்படும் பள்ளி இறுதித் தேர்வு எழுதும் வருஷத்தில் ஃபோன் அம்மாவின் அலமாரிக்குப் போய்விடும் வீடுகள் உண்டு. லெபனானில் மின்சாரமே நாளின் பெரும்பகுதி இருக்காத வருஷங்கள் இருந்தன. நார்வேயில் இந்தக் கேள்வி ஒரு கற்பனை: தடுத்தால் எப்படி இருக்கும்? பாக்தாத்தில் அது போன ஜூன் மாதத்து அனுபவம். ஒருவர் யூகித்துச் சொல்கிறார், மற்றவர் நினைவிலிருந்து சொல்கிறார். இரண்டையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம்.

ரமலானையும் மறந்துவிடக் கூடாது. பள்ளி நேரம் குறையும், தூக்கம் தலைகீழாகும், சஹர் எனும் விடியலுக்கு முந்தைய உணவு வரை வீடே விழித்திருக்கும். அந்த மாதத்தில் எடுத்த ஆய்வையும் அக்டோபரில் எடுத்த ஆய்வையும் ஒப்பிடுபவர் எந்த மாதம் என்பதையாவது கட்டுரையில் எழுத வேண்டும். பெர்கன் அளவுகோல் கடந்த ஓராண்டைப் பற்றிக் கேட்கிறது என்று சமாதானம் சொல்வார்கள். 14 வயதில் ஓராண்டு என்பது நேற்று இரவுதான்.

கவலையை மறக்கப் பயன்படுத்துகிறேன் என்ற விடைக்கு வருவோம். 2012-ல் திறந்த ஜோர்டானின் ஸஅதரி முகாமில் வளரும் சிரியப் பிள்ளைக்கு, உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளும் வழியும் கவலையை மறக்கும் வழியும் ஒரே ஃபோன்தான். அகதிகள் கையில் செலவுக்கு இருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்குவரை தொடர்பில் இருப்பதற்கே போகக்கூடும் என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் 2016-ல் எழுதியது. வருமானத்துக்கு மிஞ்சிய செலவு, அடிக்கடி பார்ப்பது, இல்லாவிட்டால் பதற்றம். எந்த அளவுகோலை வைத்தாலும் இது முற்றிய கேஸ். இப்படி ஒரு பிள்ளையை அடிமை என்று குறித்துச் சிகிச்சைக்கு அனுப்பினால் அதைவிட அபத்தம் இல்லை.

யாரைக் கேட்டோம், எத்தனை மணி நேரம்

மாதிரிக் குழு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, பிழை அவ்வளவு வெளிப்படை. இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இணைப்பைப் பரப்பி, சமூக ஊடக அடிமைகள் எத்தனை பேர் என்று எண்ணுவது. அதில் இல்லாதவன் அந்த இணைப்பைப் பார்க்கவே மாட்டான். பள்ளி வழியாகப் போவது சிரமம்தான்: அமைச்சக அனுமதி, பெற்றோர் கையெழுத்து, குவைத் அரசுப் பள்ளிகளில் ஆண் பெண் தனித்தனி என்பதால் இரண்டு குழு. அப்படிப் போனாலும் ஆசிரியர் வகுப்பில் நின்றுகொண்டிருந்தால் விடை மாறும். போகிறபோக்கில் ஒன்று: குவைத்தில் வசிப்பவர்களில் பெரும்பான்மை வெளிநாட்டவர். அங்கே இந்தியப் பள்ளியில் படிக்கும் நம்மவர் பிள்ளைகளும் அதே ஸ்னாப்சாட்டில்தான் இருக்கிறார்கள், ஆனால் அரபுத் தாளில் வரமாட்டார்கள். "குவைத் பதின்மர்" என்று தலைப்பிட்ட கட்டுரையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துப் படிப்பது நல்லது.

சரி, கேள்வித்தாளே வேண்டாம், ஃபோனே சொல்லட்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். ஐஃபோனில் 2018 முதல் திரைநேரக் கணக்கு இருக்கிறது, ஆண்ட்ராய்டிலும் உண்டு. பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2021-ல் வெளியான ஒரு பெரிய மறுபகுப்பாய்வு, மக்கள் தாமே சொல்லும் நேரத்துக்கும் கருவி பதிந்த நேரத்துக்கும் உள்ள ஒத்திசைவு 0.38 அளவுதான் (முழுதாக ஒத்துப்போனால் 1) என்று காட்டியது. எனவே ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்று வாய்க்கணக்குக் கேட்டு அதை அடிமைத்தன மதிப்பெண்ணோடு இணைத்துக் காட்டும் கட்டுரைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. திரைநேரத்தின் படத்தை வாங்குவது அதைவிட மேல். ஆனாலும் அண்ணன் தம்பி மூவர் ஒரே ஃபோனைப் பகிரும் வீடுகளில் அது யாருடைய நேரம்? மணி நேரம் தீங்கையும் சொல்லாது. சவுதியிலும் குவைத்திலும் ஸ்னாப்சாட் பதின்மரின் அன்றாடம். அதில் ஸ்ட்ரீக், அதாவது இருவர் விடாமல் படம் அனுப்பிய நாள்களின் தொடர்க் கணக்கு, அறுந்துபோகாமல் இருக்க 24 மணி நேரத்துக்குள் இருவரும் ஒரு படம் அனுப்பினால் போதும், அரை நிமிட வேலை. ஆனால் நாள் முழுக்க அதே நினைப்பாக இருக்கலாம். அந்தப் பதற்றம் பிள்ளையின் கோளாறா, செயலியின் வடிவமைப்பா என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

எதோடு ஒப்பிட்டுக் கோடு போடுவது

ஹங்கேரியின் 19 எப்படி வந்தது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் புரியும். 5961 பேரின் விடைகளைக் கணினி மூன்று கூட்டமாகப் பிரித்தது. அதிக மதிப்பெண் வாங்கிய கூட்டம் 4.5 சதவீதம். அவர்களிடம் மனச்சோர்வு அதிகம், தன்மதிப்பு குறைவு. அந்தக் கூட்டத்தை மற்றவர்களிடமிருந்து நன்றாகப் பிரிக்கும் எண் 19. கவனித்தீர்களா, இதில் மருத்துவர் வரவே இல்லை. அதே தாளின் விடையிலிருந்து ஒரு கூட்டத்தை எடுத்து, அதே தாளின் மதிப்பெண்ணில் அதற்குக் கோடு போட்டிருக்கிறார்கள். சீனாவின் 24-ம் இதே வகைப் பகுப்பாய்வில் பிறந்ததுதான். அந்தந்த நாட்டுக்கு ஓர் ஆரம்பக் கணக்காக அதில் தவறில்லை. அதைத் தூக்கி ரியாதில் ஒரு பள்ளிக்குள் வைப்பதுதான் தவறு. அண்ணா பல்கலைக்கழகக் கட்-ஆஃப் ஒவ்வோர் ஆண்டும் ஏன் மாறுகிறது என்று தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் அரபுப் பதின்மருக்குக் கோடு போட என்ன வேண்டும்? முதலில், மதிப்பெண்ணுக்கு வெளியே நிற்கும் ஒரு தீர்ப்பு வேண்டும். அதாவது நேர்காணல். சமூக ஊடக அடிமைத்தனம் என்ற நோய்ப்பெயர் உலகச் சுகாதார நிறுவனத்தின் 11-வது நோய்ப் பட்டியலில் இல்லை. 2022-ல் நடைமுறைக்கு வந்த அந்தப் பட்டியலில் இருப்பது விளையாட்டுக் கோளாறு. அதன் அடையாளங்களைக் கடன் வாங்கலாம்: கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இது வந்து நிற்பது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவை ஏறக்குறைய 12 மாதம் நீடித்துப் படிப்பையோ குடும்பத்தையோ உடம்பையோ பாதிப்பது. ஒன்பது கேள்வியோ ஆறு கேள்வியோ இதை முழுதாகத் தொடுவதில்லை. தூங்கினாயா, எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை, ஃபோன் இல்லாத அந்த வாரத்தில் என்ன நடந்தது என்று உட்கார்ந்து கேட்டால்தான் வரும்.

நேர்காணல் எடுப்பவருக்கு அந்தப் பிள்ளையின் மதிப்பெண் தெரியக் கூடாது. பேச்சு அவரவர் வட்டார வழக்கில் இருக்க வேண்டும். பெண்கள் பள்ளிக்குப் பெண் உளவியலாளர், அறையில் அம்மா கூடாது. அதிக மதிப்பெண் வாங்கியவர்களை மட்டும் அழைத்தால் போதாது. 8, 10 என்று வாங்கியவர்களிலும் ஒரு பங்கை அழைக்க வேண்டும், இல்லாவிட்டால் குறைக்கவே முயலாததால் 1 போட்டுவிட்டுப் போன அந்த டிக்டாக் பையன் கணக்கில் வரவே மாட்டான். மனச்சோர்வுக்கும் தனியே ஒரு சோதனை வைக்க வேண்டும், ஏனென்றால் பல பிள்ளைகளிடம் நாம் அளந்துகொண்டிருப்பது அதுவாகவே இருக்கலாம். தேர்வு மாதமும் ரமலானும் தவிர்த்து, குவைத்திலும் லெபனானிலும் ஜோர்டானிலும் தனித்தனியே இதைச் செய்துவிட்டு, நேர்காணலில் பிரச்சினை என்று தெரிந்தவர்களின் மதிப்பெண் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கலாம். கோடு 17-ல் விழலாம், 26-ல் விழலாம். பையன்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாக இரண்டு கோடுகூட விழலாம்.